வசந்தமலர் பேசிக்கைத் தேர்ந்தெடுத்த கதை

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில், டிராம் தண்டவாளத்துக்குப் பின்புறமாக உள்ள ஒரு வீட்டில்தான் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பரீட்சைத் தாள்கள் பத்தொன்பது ஆண்டுகளாகத் தயாராகின்றன. அவற்றைத் தட்டச்சு செய்கிறவர் வசந்தமலர். வயது அறுபத்தொன்று. கோலியர்ஸ் வுட்டில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் சமையலறையில் காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை நின்றே வேலை செய்துவிட்டு வருகிறவர். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தால் முதுகு திரும்ப எழும்பச் சம்மதிக்காது. ஆகவே உடுப்பு அயன் பண்ணும் பலகையை இடுப்பளவுக்கு உயர்த்தி, அதன்மேல் மடிக்கணினியை வைத்து, நின்றபடியே அடிப்பார். அயன் பண்ண வேண்டிய உடுப்புகள் பரீட்சைக் காலம் முழுவதும் கதிரையில் குவிந்து கிடக்கும். அவருடைய கணவர் அம்பலவாணனை ஜூன் மாதத்தில் கண்டால், அவர் போட்டிருக்கும் சேட்டின் சுருக்கத்தை வைத்தே எத்தனையாம் வகுப்புத் தாள் நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. அதைக்கூட மன்னிக்கலாம். பள்ளிக்கூடம் ஆண்டுதோறும் வெளியிடும் மலரில் தலைவரின் படம் நான்கு பக்கங்களில் வரும்; உபதலைவர்களின் பெயர்களுக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையில் நிற்கும்; மண்டபத்துக்குப் பூச்சாடி கொடுத்தவருக்குக்கூட நன்றி இருக்கும். வசந்தமலர் என்ற பெயர் பத்தொன்பது மலர்களில் ஒன்றிலும் இல்லை. அந்த மலர்களைத் தட்டச்சு செய்ததும் அவர்தான். தன் பெயரைத் தானே அடித்துச் சேர்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். சேர்க்கவில்லை.

ஆனால் வேறொன்றைச் செய்துவந்தார். ஆசிரியர்கள் வினாக்களைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புவார்கள். அவற்றில் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்கும்: அம்மா சமைப்பார், அப்பா பத்திரிகை வாசிப்பார், அக்கா வீடு கூட்டுவார், தம்பி பந்து விளையாடுவார். வசந்தமலர் அடிக்கும்போது ஆட்களை இடம் மாற்றிவிடுவார். அப்பா சமைப்பார். அம்மா பத்திரிகை வாசிப்பார். தம்பியின் கையில் விளக்குமாறு போய்ச் சேரும். இலக்கணம் கெடாது, புள்ளி குறையாது, தாள் அச்சாகிப் பிள்ளைகளின் கைக்குப் போய்விடும். ஏறத்தாழ இரண்டாயிரம் பிள்ளைகள் அந்தத் தாள்களை எழுதியிருப்பார்கள். இந்த விஷயம் அம்பலவாணனுக்கு மட்டும் தெரியும்.

"நீர் பள்ளிக்கூடத்துத் தாளிலை செய்யிற வேலையாலை வீட்டிலை எனக்கெல்லே சமைக்க வேண்டிக் கிடக்கு" என்பார் அவர்.

"வாசிச்ச தாளுக்கேற்ற மாதிரி வாழத்தானே வேணும்" என்பார் வசந்தமலர்.

போன ஒக்டோபரில் சிக்கல் வந்தது. உலகத்துப் பாதி மடிக்கணினிகளில் இருந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அதைச் செய்த நிறுவனம் அறிவித்தது. புதிய பதிப்பைப் போடலாம் என்றால், வசந்தமலரின் மடிக்கணினி அதற்கு வயது முதிர்ந்தது என்று திரையில் வந்தது. திரை நன்றாக இருந்தது, விசைகள் நன்றாக இருந்தன, மின்கலம் ஒன்றரை மணித்தியாலம் நின்றது. ஓடுகிற பொருளைக் குப்பை என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்து தீர்மானிக்கிறார்கள். வாங்கியவர் வாயை மூடிக்கொண்டு இன்னொன்று வாங்க வேண்டுமாம்.

அதே வாரத்தில் பள்ளிக்கூடத் தலைவர் சண்முகராசாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சண்முகராசா பட்டயக் கணக்காளர். ஹரோவில் வீடு. கெட்டவர் அல்ல, ஆனால் ஒரு பொருளின் பெயரைப் பார்த்தே அதன் தரத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்புகிறவர். கடிதம் இப்படிச் சொன்னது: பாதுகாப்புத் திருத்தம் இல்லாத கணினியில் தயாரான தாள்களை இனிப் பள்ளிக்கூடம் ஏற்காது. வசந்தமலர் புதிய மடிக்கணினி வாங்க வேண்டும், அல்லது ஹெரன் லினக்ஸின் புரொபெஷனல் பதிப்பைப் போட வேண்டும். தலைவர் தம் பழைய கணினிக்கு அதைத்தான் வாங்கியிருக்கிறார். நவம்பர் முதல் சனிக்கிழமைக் கூட்டத்தில் தாள்களைத் திறந்து காட்ட வேண்டும். இயலாவிட்டால் வேலை ஹரோவில் உள்ள ஓர் அச்சு நிறுவனத்துக்குப் போகும்; ஆசிரியர்கள் எழுதியதை எழுதியபடியே அவர்கள் அடித்துத் தருவார்கள்.

எழுதியபடியே. வசந்தமலர் கடிதத்தை மடித்தார்.

"இனி அம்மா திரும்பவும் சமைக்கப் போறா" என்றார்.

"எந்த அம்மா?" என்றார் அம்பலவாணன்.

"தாளிலை இருக்கிற அம்மா."

லினக்ஸ் என்பதும் கணினியை ஓட்டும் அடித்தள மென்பொருள்தான். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அதைப் பல குழுக்கள் பல பெயர்களில் பொதி செய்து கொடுக்கின்றன. ஹெரன் என்பது அப்படி ஒரு பொதி. அதில் இரண்டு பதிப்புகள். பேசிக் பதிப்புக்குக் காசில்லை. புரொபெஷனல் பதிப்புக்கு நாற்பது பவுண்.

"புரொபெஷனலையே எடும்" என்றார் அம்பலவாணன். "பேசிக் எண்டு சொல்லிறதுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. நாளைக்கு ஆரும் கேட்டால்?"

"உங்களிட்டை ஆர் வந்து உங்கடை மனுசி என்ன லினக்ஸ் எண்டு கேக்கப் போகினம்?"

"சண்முகராசா அண்ணை கேப்பார். பிறகு அவரின்ரை மனுசி கேப்பா. பிறகு கலியாண வீட்டிலை கதைப்பினம்."

வசந்தமலர் சமையலறையில் செய்வதைச் செய்தார். அவருடைய பாடசாலையில் எந்த உணவில் கடலை, எதில் பால், எதில் கோதுமை என்று நாள்தோறும் அட்டவணை போடுவது அவர் வேலை. தவறினால் ஒரு பிள்ளைக்கு மூச்சு அடைத்துவிடும். ஆகவே எந்தப் பெட்டி வந்தாலும் அதன் முன்பக்கத்தை அவர் பார்ப்பதில்லை. திருப்பிப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ளதைத்தான் வாசிப்பார். ஹெரன் பதிப்புகள் இரண்டினதும் ஒப்பீட்டுப் பட்டியலையும் அப்படியே அச்செடுத்து, பச்சைப் பேனையால் ஒவ்வொரு வரியாக அடையாளம் போட்டார். பாதுகாப்புத் திருத்தங்கள்: இரண்டிலும் ஒன்றே. எத்தனை ஆண்டுகளுக்கு: இரண்டிலும் ஒன்றே. எழுதும் செயலி: இரண்டிலும் ஒன்றே. திரையின் அமைப்பு: பேசிக்கில் நான்கு, புரொபெஷனலில் பன்னிரண்டு. பின்னணிப் படங்கள்: புரொபெஷனலில் மேலதிகமாக நாற்பது. படம் வெட்டவும் காணொளி ஒட்டவும் செயலிகள்: புரொபெஷனலில் முன்கூட்டியே ஏற்றியது. போடும்போது சிக்கல் வந்தால் மின்னஞ்சலில் உதவி: புரொபெஷனலுக்கு மட்டும்.

அடுத்த சனிக்கிழமை, பெற்றோருக்குத் தேநீர் ஊற்றும் முறை வந்தபோது, பக்கத்தில் பால் ஊற்றிய மாதங்கியிடம் பட்டியலை நீட்டினார். மாதங்கி மதுரைக்காரர், ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்ப்பவர், மகள் மூன்றாம் வகுப்பில்.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை எதைப் பாவிக்கிறியள்?"

"காசு கட்டாத லினக்ஸ்தான்க்கா, முக்கால்வாசி."

"ஆக்கள் சாகேல்லையோ?"

"சாகறாங்க. அதுக்கு லினக்ஸ் காரணமில்ல."

"அப்ப உந்த நாப்பது பவுண் எதுக்கு?"

மாதங்கி பட்டியலைப் பார்த்தார். "உள்ள ரெண்டும் ஒண்ணுதான். அந்தச் செயலிங்களையும் பேசிக்லயே நாமளே இறக்கிக்கலாம், இலவசமா. ஆனா இந்தக் காசு போறது அதை எழுதுறவங்களுக்குத்தான். பிடிச்சிருந்தா கொடுக்கலாம். ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன்."

"நாப்பது படத்துக்கு நாப்பது பவுண்."

"ஆமா. படம் ஒண்ணு ஒரு பவுண்."

"என்ரை திரையிலை ஒரு படமும் தெரியாது. வினாத்தாள்தான் தெரியும்." பச்சைப் பேனை பேசிக்கின் மேல் ஒரு வட்டம் போட்டது.

அதை மடிக்கணினியில் போடுவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமைப் பின்னேரத்தைத் தெரிவுசெய்தார். அம்பலவாணன் கைபேசியில் பஞ்சாங்கம் பார்த்தார்.

"மூண்டு மணியிலை இருந்து நாலரை மட்டும் ராகு காலம்."

"எந்த ஊர் நேரம்?"

அவர் உற்றுப் பார்த்தார். "யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு."

"அப்ப ராகு இஞ்சை வாறதுக்கிடையிலை நான் போட்டு முடிச்சிடுவன்" என்றார் வசந்தமலர். கோப்புகளை எல்லாம் ஒரு மெமரி ஸ்டிக்கில் எடுத்துக்கொண்டு, மூன்று ஐந்துக்குத் தொடங்கி, நாலு மணிக்கு முடித்தும் விட்டார். பேசிக் பதிப்பு ஒரு தயக்கமும் இல்லாமல் எழும்பிக் குளத்தோரம் நிற்கும் நாரை ஒன்றைக் காட்டியது. மெமரி ஸ்டிக்கைச் செருகி நான்காம் வகுப்புத் தாளைத் திறந்தார்.

தமிழ் இல்லை. ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் அள்ளிக் கொட்டியதுபோல் பக்கம் நிறையக் கிடந்தன. ஐந்தாம் வகுப்பைத் திறந்தார். அதுவும் அப்படியே. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுத் தாளைத் திறந்தார். அதுவும்.

அம்பலவாணன் எட்டிப் பார்த்தார். "ராகு" என்றார்.

வசந்தமலர் நாட்காட்டியைப் பார்த்தார். கூட்டத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் அம்பலவாணன் மெதுவாக. "பேசிக்கிலை தமிழ் இராது. நாப்பது பவுணைக் கட்டுவம். என்ரை காட்டிலை கட்டும்."

வங்கி அட்டையை எடுத்து அயன் பலகையில் வைத்தார். வசந்தமலரும் வாங்கும் பக்கத்தைத் திறந்துவிட்டார். அட்டை எண்ணின் முதல் நான்கு இலக்கங்களையும் அடித்தார். பிறகு கையை எடுத்து, பச்சைப் பேனைப் பட்டியலைத் திரும்ப எடுத்து மேலிருந்து கீழாக வாசித்தார். தமிழ் என்ற சொல் பேசிக் பக்கத்தில் இல்லை. புரொபெஷனல் பக்கத்திலும் இல்லை.

"பெட்டியிலை எழுதாத சாமான் உள்ளுக்கு இருக்குமெண்டு என்னண்டு நம்பிறது?" என்றார்.

திரையில் கிடந்த குப்பையை இன்னொரு தரம் பார்த்தார். நடுவில் ஒரு வரியில் ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, திரும்பக் கே, எச். அவருடைய வலது கை அயன் பலகையின் துணியில் தானாகவே அசைந்தது. அந்த ஐந்து விசைகளையும் அவருடைய விரல்கள் லட்சம் தரம் தொட்டிருக்கின்றன. அம்மா.

அடுத்த சொல்லைப் பார்த்தார்; விரல்கள் அதையும் சொல்லின.

அவர் அடிப்பது பாமினியில். கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில் உண்டான எழுத்துரு அது. இலங்கைத் தமிழர்கள் போன நாடெல்லாம் அதைக் காவிக்கொண்டு போனார்கள். அதில் அடிக்கும்போது கணினிக்குள் போவது வெறும் ஆங்கில எழுத்துதான். பாமினி அதற்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். போர்வை இல்லாத கணினியில் உள்ளே இருப்பது தெரியும். ஒன்றும் அழியவில்லை. பழைய இயங்குதளத்தில் பாமினி யாரோ எப்போதோ போட்டுவிட்டபடி இருந்தது. புதியதில் யாரும் போடவில்லை. அவ்வளவுதான்.

அவரும் இவ்வளவு நேரமும் அதை மறந்துபோய்த்தான் நின்றார். பாமினிக்காரர்கள் எல்லோருக்கும் வருகிற மறதி இது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தால், கணினியும் அதைத் தமிழ் என்றே வைத்திருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

"உங்கடை காட்டை எடுங்கோ" என்றார். மெமரி ஸ்டிக்கின் அடியில் ஒரு பழைய கோப்புறைக்குள் பாமினி இருந்தது. இரண்டு தரம் அமுக்க, நிறுவட்டுமா என்று ஒரு பொத்தான் கேட்டது. அமுக்கினார். கோப்பை மூடித் திறந்தார். அப்பா சோறு சமைத்தார்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, வகுப்புகள் முடிந்த பிறகு, கூட்டம் வழமைபோல முதலாம் வகுப்பு அறையில் நடந்தது. வாடகைப் பாடசாலை, வேறு அறைக்கு அனுமதி இல்லை. செயற்குழுவினர் பதினொரு பேர் ஐந்து வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். வசந்தமலர் மட்டும் வழமைபோல நின்றார். மாதங்கியும் நான்காம் வகுப்பு ஆசிரியை பிறேமினியும் கதவோரம் இருந்தார்கள்.

"பிள்ளை, எந்தப் பதிப்புப் போட்டனீர்?" என்று கேட்டார் சண்முகராசா.

"பேசிக், அண்ணை."

ஒரு கதிரை கிறீச்சிட்டது. சண்முகராசா வருத்தத்தோடு சிரித்தார். "நான் கடிதத்திலை தெளிவா எழுதினனான். எங்கடை பிள்ளையளுக்கு நாங்கள் எப்பவும் மேலானதைத்தான் குடுக்க வேணும். இஞ்சை கொண்டாரும் அந்த ஸ்டிக்கை. புரொபெஷனலிலை தாள் எப்பிடி நிக்குதெண்டு எல்லாரும் ஒருக்கால் பாக்கட்டும்."

அவருடைய மடிக்கணினி சுவருக்குப் படம் எறியும் கருவியோடு பொருத்தப்பட்டிருந்தது. பின்னணியில் பனிமலை ஒன்று நின்றது. மெமரி ஸ்டிக்கைச் செருகி நான்காம் வகுப்புத் தாளைத் திறந்தார். சுவர் முழுக்க எம், கே, அரைப்புள்ளி, அடைப்புக்குறி.

சண்முகராசா மூடித் திறந்தார். பனிமலையை மாற்றிப் பாலைவனம் போட்டுவிட்டுத் திறந்தார். மாறவில்லை.

"புரொபெஷனலிலை தமிழ் இல்லையோ?" என்றார் பொருளாளர்.

"வைரஸாக்கும்" என்றார் ஓர் உபதலைவர்.

"வைரஸ் இல்லை" என்றார் வசந்தமலர். "உதுதான் தாள்." சுவருக்குக் கிட்டப் போய், முதல் வரியில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். "நான்காம் வகுப்பு. ஆண்டிறுதிப் பரீட்சை. ஒன்று. கீறிட்ட இடங்களை நிரப்புக. பத்துப் புள்ளிகள்."

பதினொரு பேரும் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சுவரில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. அவர் வேகம் குறையாமல் வாசித்துக்கொண்டு போனார். பழக்கதோஷத்தில், வாசிக்கக் கூடாத இடத்தையும் வாசித்துவிட்டார்.

"இரண்டு. பின்வரும் பந்தியை வாசித்து விடை தருக. அம்மா பத்திரிகை வாசித்தார். அப்பா சோறு சமைத்தார். தம்பி வீடு கூட்டினான். அக்கா டிராம் ஓட்டப் போனார்."

"நில்லும்" என்றார் சண்முகராசா. "உதை ஆர் எழுதினது?"

பிறேமினி கையை உயர்த்தினார். "நான்தான் அனுப்பினனான். ஆனா நான் எழுதேக்கை அம்மாதான் சமைச்சவ."

வசந்தமலர் பிறேமினியைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் விரலைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "நான்தான் மாத்தினனான், அண்ணை. இந்த முறை மட்டுமில்லை. பத்தொன்பது வருசமா."

"பத்தொன்பது வருசமோ?"

"ஓம். ஒரு பிள்ளையும் பிழையெண்டு கேக்கேல்லை. ஒரு ரீச்சரும் காணேல்லை. நீங்களும் ஒவ்வொரு தாளிலையும் கையெழுத்து வைச்சனீங்கள்."

யாரோ இருமினார்கள். பிறேமினிதான் முதலில் சிரித்தார். "அதுதான் என்ரை மூத்தவன் பரீட்சை முடிஞ்சு வந்து, அப்பா ஏன் சமைக்கிறேல்லை எண்டு கேட்டவன். நான் பள்ளிக்கூடத்திலை ஆரோ நல்ல ரீச்சர் இருக்கிறா எண்டு நினைச்சன்."

சிரிப்பு சின்னக் கதிரைகள் வழியாகப் பரவியது. சண்முகராசா மட்டும் சிரிக்கவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சுவரைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் பொருளாளர் எழும்ப முயன்று, கதிரை கூடவே வந்ததால் திரும்ப உட்கார்ந்தார்.

"அதைப் பிறகு பாப்பம். வசந்தமலர் அக்கா, உங்கடை பேசிக்கிலை இது தமிழா வருதோ?"

வசந்தமலர் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். வந்தது.

"அப்ப விசயம் முடிஞ்சுது" என்றார் பொருளாளர். "பேசிக்கிலைதான் தமிழ் இருக்கு. புரொபெஷனல் வெள்ளைக்காரருக்குச் செய்தது. தாள் வேலை அக்காவோடையே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக் கணினி எல்லாத்துக்கும் பேசிக்கே போடுவம்."

தலைகள் ஆடின. அந்த இடத்தில் வசந்தமலர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்: வேலை அவருடையது, வெற்றி அவருடையது. மாதங்கி கதவோரத்திலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றார் வசந்தமலர். "பேசிக்கிலையும் தமிழ் வரேல்லை. எனக்கும் உப்பிடித்தான் வந்தது. பாமினியைப் போட்டாப் பிறகுதான் சரியானது." தலைவரின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, பழைய கோப்புறையைத் திறந்து, பாமினியை இரண்டு தரம் அமுக்கினார். அரை நிமிடம். சுவரில் அம்மா பத்திரிகை வாசித்தார்.

சண்முகராசா இரண்டு மடிக்கணினிகளையும் பார்த்தார். "அப்ப ரெண்டும் ஒண்டோ?"

"தாளுக்கு ஒண்டுதான். உங்களிட்டைப் படம் கூட இருக்கு."

"நாப்பது" என்றார் மாதங்கி உதவியாக.

"அப்ப நான் கட்டின காசு?"

"எழுதினவைக்குப் போய்ச் சேந்திருக்கும், அண்ணை. நல்ல காரியம்தான்" என்றார் வசந்தமலர். "ஆனா என்னையும் கட்டச் சொன்னதுதான் பிழை."

தலைவர் அந்தச் சின்னக் கதிரையில் இன்னும் கொஞ்சம் சிறிதானார். பிறகு, அவருக்கும் நீதி செய்ய வேண்டும், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "உந்தக் குப்பையை வாசிக்கிற ஆள் ஹரோவிலை இல்லை. தாள் இவவோடையே இருக்கட்டும். அந்தச் சமையல் விசயம்..." பிறேமினியைப் பார்த்தார். பிறேமினி அவரையே பார்த்தார். "அது ரீச்சர்மாரோடை கதைச்சுச் செய்யும்."

"எனக்குச் சம்மதம்" என்றார் பிறேமினி. "இனி நானே அப்பாவைச் சமைக்க விட்டு அனுப்பிறன். அக்காவுக்கு ஒரு வேலை மிச்சம்."

கூட்ட அறிக்கையைத் தட்டச்சு செய்வதும் வசந்தமலரின் பொறுப்புதான். செயலாளர் கையால் எழுதிய குறிப்பு மறுநாள் கைபேசிக்கு வந்தது. மூன்றாம் தீர்மானம்: "பேசிக் பதிப்பில் மட்டுமே தமிழ் இருப்பது நிரூபிக்கப்பட்டதால் பள்ளிக்கூடம் அதனையே பயன்படுத்தும்." அவ்வளவு சொல்லியும் காட்டியும் செயலாளரின் காதில் விழுந்தது அதுதான்.

வசந்தமலர் அயன் பலகையை உயர்த்தினார். அம்பலவாணன் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வெண்டிட்டீர்தானே. பிறகேன் முகத்தைச் சுழிக்கிறீர்?"

"பிழையா வெண்டிருக்கிறன்" என்றார். முதல் பாதியை அடிக்காமல் விட்டுவிட்டு இப்படி அடித்தார்: "இரண்டு பதிப்புகளிலும் தாள்கள் ஒரேவிதமாகத் திறப்பதால் பள்ளிக்கூடம் காசில்லாத பதிப்பைப் பயன்படுத்தும். எந்தக் கணினியிலும் முதலில் பாமினியைப் போடவும்."

கீழே, அறிக்கை தட்டச்சு என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டார். பிறகு தன் பெயரையும் அடித்தார்.